வரப்பில் கழற்றிவிட்ட செருப்பு

ஐதராபாத்
8 செப்டம்பர் 2024

வாணிக்கு,

நீ என் நம்பரை பிளாக் செய்து பதினோரு நாள் ஆகிறது. பேச்சிமுத்து மாமாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய்: "எழுதினாப் படிக்கிறேன், பேசினாக் கேக்க மாட்டேன். காயிதத்துல அண்ணன் குறுக்க விழுந்து பேச முடியாதுல்ல." சரி. நான் கடைசியாகப் பேனா பிடித்தது காலேஜ் பரீட்சையில். கையெழுத்து புரியவில்லை என்றால் அதை நீயாகக் கேட்டு வாங்கிக்கொண்டாய் என்று வைத்துக்கொள்.

நேராக விஷயம். உன் ஆஸ்பத்திரியில் நர்சிங் சூப்பரின்டென்ட் சூடாமணி மேடத்துக்கு நான் மெயில் அனுப்பியது உண்மை. உன்னைத் தீப்புண் வார்டிலிருந்து மாற்றச் சொன்னதும் உண்மை. உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய், அதனால்தான் கேட்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

மூன்று வருஷமாக "வார்டு டியூட்டி, வார்டு டியூட்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தாயே, அது என்ன வார்டு என்று எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது. ஐந்து வயதில் நம் தெரு எரிந்ததைப் பார்த்தவள் நீ. அதற்குப் பிறகு எட்டு மாதம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாதவள். உலகத்தில் அத்தனை வார்டு இருக்க, உனக்கு அதுதான் கிடைத்ததா?

நான் டாக்டர் இல்லை, ஸ்கேன் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். ஆனால் பத்து வருஷமாக மூளைப் படங்களுக்கு நடுவிலேயே புழங்குகிறேன். படிக்கவும் செய்கிறேன். மூளைக்குள் பாதாம்பருப்பு அளவில் ஒன்று இருக்கிறது, அமிக்டலா. அதுதான் அலாரம். அதை ஒட்டி ஹிப்போகேம்பஸ். எது எப்போது எங்கே நடந்தது என்று தேதி முத்திரை குத்துகிற இடம். நெற்றிக்குப் பின்னால் இருப்பது பிரேக். சின்ன வயதில் பெரிய பயம் வந்து, போகாமல் தங்கிவிட்டால், அலாரம் தொட்டதற்கெல்லாம் அடிக்கும், முத்திரை மங்கும், பிரேக் பிடிக்காது. வீடு கட்டும்போது வயரிங் ஓடுகிற நேரத்திலேயே கரண்ட் தாறுமாறாக வந்தால் என்ன ஆகும்? வீடு நிற்கும். ஒருநாள் சாதாரண சுவிட்சைத் தொடுவாய், ஃபியூஸ் போகும்.

தீபாவளி வருகிறது. அந்த வாரம் உன் வார்டு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மேடத்துக்கு அனுப்பிய அதே ஆய்வுக் கட்டுரையை இதோடு வைத்திருக்கிறேன், பதினாறு பக்கம். முக்கியமான வரிகளில் பச்சை மார்க்கர் போட்டிருக்கிறேன். படி. கோபம் குறையும்.

முத்துக்குமரன்


செல்லூர், மதுரை
15 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு,

குறையவில்லை.

நீ ஒரு பட்டனை அழுத்திவிட்டுப் போய்விட்டாய். இங்கே என்ன நடந்தது தெரியுமா? சூடாமணி மேடம் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் நர்ஸ் யாரையும் உட்காரச் சொல்லி நான் பார்த்ததில்லை. "உங்க அண்ணன் ரொம்பப் படிச்சவராட்டம் இருக்கே. பதினாறு பக்கம் அனுப்பியிருக்கார். நீ ஏம்மா எங்ககிட்ட முன்னாடியே சொல்லல?" என்றார். "எதை மேடம்?" என்றேன். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். தமிழ்வாணி என்று என் பேர். அதற்குப் பக்கத்திலேயே, பாதிக்கப்பட்ட மூளை வளர்ச்சி.

இப்போது நான் ரெக்கார்டு அறையில் இருக்கிறேன். பழைய கேஸ் ஷீட்டுகளை வருஷவாரியாக அடுக்குகிறேன். அந்தக் காகிதமெல்லாம் தீப்பிடித்தால்தான் இனி எனக்கு என் வேலை கிடைக்கும். வார்டு பாய் ராம்கி டீ கொண்டுவந்தால் எல்லாருக்கும் மேஜையில் டக்கென்று வைக்கிறார், என் கப்பை மட்டும் இரண்டு கையாலும் நீட்டுகிறார். கப் உடையும் என்றா, நான் உடைவேன் என்றா, தெரியவில்லை.

நம் தெரு ஏன் எரிந்தது, ஞாபகம் இருக்கிறதா? கண்மாய் மீன் ஏலத்தில் நம் அப்பா கையைத் தூக்கினார். அதுவரை நம் தெருவில் யாரும் தூக்காத கை. பதினாலு வீடு போனது. மறுவருஷம் அதே ஏலத்துக்கு, கூரை வேய்ந்து முடிக்காத வீட்டிலிருந்து குளித்துவிட்டுப் போய், திரும்பவும் கையைத் தூக்கினாரே சோணைமுத்து, அந்த ஆளின் மகள் நான். வீட்டை எரித்தவர்களால் கூட நம்மைப் பார்த்து ஒருத்தரை "ஐயோ பாவம்" சொல்ல வைக்க முடியவில்லை. நீ ஒரே மெயிலில் சொல்ல வைத்துவிட்டாய்.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். காவ்யஸ்ரீ என்று ஆறு வயதுக் குழந்தை. கொதிக்கிற ரசம் தோளில் கொட்டிவிட்டது. வந்ததிலிருந்து பேச்சில்லை. கட்டு மாற்றும்போது பெற்றவர்களை வெளியில் அனுப்புவது எங்கள் வார்டில் பழக்கம். அழுகிற அம்மா இடைஞ்சல் என்பார்கள். இரண்டு வருஷம் சண்டை போட்டு நான் அதை மாற்றினேன். அம்மா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தொடுவதற்கு முன்னால் நான் என்ன செய்யப் போகிறேன் என்று பிள்ளையிடம் சொல்ல வேண்டும். நிறுத்து என்று அது கையைக் காட்டினால் நிறுத்த வேண்டும்.

நேற்று எட்டிப் பார்த்தேன். காவ்யஸ்ரீயின் அம்மா வெளியில் நிற்கிறாள். உள்ளே சத்தமே இல்லை. என் இடத்துக்கு வந்திருக்கிற சரண்யாதேவி நல்ல பெண், ஆனால் புதுசு. "சமத்துப் புள்ளக்கா, அழவே மாட்டேங்குது" என்கிறாள். அழாத பிள்ளை உள்ளே எங்கே போய் உட்கார்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த ஆஸ்பத்திரியில் வேறு யாருக்குத் தெரியும், சொல்.

மேடம் ஒன்று சொன்னார்: "வீட்டு ஆளே எழுத்துல குடுத்தப்புறம் நான் எப்படிம்மா ரிஸ்க் எடுக்கறது? எழுதினவரே வாபஸ் வாங்கட்டும், மறுநாளே உன்னைத் திருப்பிப் போடறேன்." தீபாவளிக்கு முன்னால் நான் வார்டில் இருக்க வேண்டும். வாபஸ் வாங்கு.

வாணி

இன்னொன்று. அந்த வார்டில் சேர்வதற்கு முன்னால், ஒன்றரை வருஷம், ஒவ்வொரு சனிக்கிழமையும் பசுமலையில் ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். யாரும் அனுப்பவில்லை. நானாக பஸ் ஏறிப் போனேன். நடந்ததையெல்லாம் வரிசையாக, முதலிலிருந்து கடைசிவரை, வாயால் சொல்லிப் பழகினேன். உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், நீ இப்படி ஏதாவது செய்வாய் என்றுதான்.


ஐதராபாத்
22 செப்டம்பர் 2024

வாணிக்கு,

வாபஸ் வாங்க முடியாது.

ஆலோசகரிடம் போனது நல்ல காரியம். சொல்லியிருக்கலாம். ஆனால் நீ வரிசையாகச் சொன்னதில் இது இருந்திருக்காது. உனக்கு ஐந்து வயது. எனக்குப் பத்து. ஞாபகம் என்னிடம்தான் இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன்.

விளக்கு வைக்கிற நேரம். அம்மா நம் இரண்டு பேரையும் பின்பக்கமாகத் தள்ளி, "கொடிக்காலுக்கு ஓடுங்க" என்றாள். அப்பா கூலிக்குப் போய்க்கொண்டிருந்த வெற்றிலைக் கொடிக்கால். ஓடினோம். வரப்பு வந்ததும் நீ நின்றுவிட்டாய். செருப்பைக் கழற்ற. கொடிக்காலுக்குள் செருப்புக் காலோடு போகக் கூடாது என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்தாரே, அது. பின்னால் ஆட்கள் கத்திக்கொண்டு வருகிறார்கள், நீ ஒவ்வொரு காலாகக் கழற்றிக்கொண்டிருக்கிறாய். உன்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். அகத்தி மரங்களுக்கு நடுவில், வாய்க்கால் தண்ணீரில் படுத்தோம். உன் வாயைப் பொத்தினேன்.

செருப்பு வரப்பிலேயே கிடந்தது. நீல வார். ஜோடியாக. ஒருத்தன் கண்ணில் பட்டால் போதும், உள்ளே பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தீயைப் பார்க்கவில்லை. செருப்பை மட்டும். ஒருகட்டத்தில் போலீஸ் வண்டி வந்தது. கையை எடுத்தபோது உன் கன்னத்தில் என் நாலு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தது. அன்றிலிருந்து எட்டு மாதம் நீ பேசவில்லை.

எல்லாரும் தீயைச் சொல்கிறார்கள். உன் வாயை மூடியது தீ இல்லை வாணி, என் கை. மெஷினில் என்னால் ஒரு கோளாறு வந்தால் நான்தான் போய் நிற்க வேண்டும், வேறு ஆளை அனுப்ப மாட்டேன். அதைத்தான் செய்திருக்கிறேன். இனி இதைப் பற்றிக் கேட்காதே.

முத்துக்குமரன்


செல்லூர்
2 அக்டோபர் 2024

அண்ணே,

மூன்று தடவை படித்தேன். பிறகு அம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். பிறகுதான் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது செருப்பே கிடையாது.

ஒண்ணாம் வகுப்பு சேர்த்தபோதுதான் எனக்கு முதல் செருப்பு வாங்கினார்கள். அது அடுத்த ஜூன். நீல வார் செருப்பு உன்னுடையது. ஐந்தாம் வகுப்புக்குப் போகிறாய் என்று அப்பா சோழவந்தான் கடைவீதியில் வாங்கிக் கொடுத்தது. வரப்பில் நின்றது நான் இல்லை. நீ. நான் உன் சட்டையைப் பிடித்து இழுக்கிறேன், "வாண்ணே, வாண்ணே" என்கிறேன், நீ செருப்பைக் கழற்றி, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துவிட்டு, அப்புறம்தான் என்னை வாரித் தூக்கிக்கொண்டு ஓடினாய். நான் நடக்கக்கூட இல்லை. பசுமலையில் வரிசையாகச் சொல்லிப் பழகினேன் என்றேனே, அதில் இது இரண்டாவது.

இப்போது சொல், தேதி முத்திரை மங்கினது யாருக்கு?

சித்திரைத் திருவிழாவுக்கு வந்தால் நீ கோயிலுக்குள் வர மாட்டாய். "எனக்கு சாமி நம்பிக்கை இல்ல, போயிட்டு வாங்க" என்று ரோட்டில் நிற்பாய். உன்னைப் பெரிய நாத்திகன் என்று ஊரே நினைக்கிறது. செல்லூரில் என் அறைக்கு வந்தபோது ஷூவைக் கையில் எடுத்துவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தாய். வீட்டுக்கார அக்கா "ஏம்மா, எங்க ஏரியாவுல செருப்புத் திருடனா?" என்று கோபித்துக்கொண்டார். அண்ணே, உனக்கு சாமியோடு சண்டை இல்லை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போக உன்னால் முடியாது. குக்கர் விசிலுக்கு எழுந்து நிற்கிறாய். சுவருக்கு முதுகு கொடுக்காமல் எந்த ஹோட்டலிலும் உட்கார மாட்டாய். பத்து தீபாவளிக்கு லீவு கிடைக்காத ஒரே இன்ஜினியர் நீதான். நான் இங்கே சந்து முழுக்க விசைத்தறி ஓடுகிற சத்தத்தில் அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறேன்.

உன் கட்டுரையை முழுசாகப் படித்தேன். பச்சை மார்க்கர் ஒன்பதாம் பக்கத்தோடு நின்றுவிட்டது. மிச்சம் ஏழு பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது. உனக்கு வேண்டியது கிடைத்தவுடன் அனுப்பிவிட்டாய், அவசரக்காரா. பதினொன்றாம் பக்கம்: இந்த வித்தியாசமெல்லாம் பல பேரைச் சேர்த்து எடுத்த சராசரி, இதை வைத்து ஒரு தனி ஆளை இப்படித்தான் என்று முடிவு கட்டக் கூடாது. பதினான்காம் பக்கம்: வளர்ந்த பிறகும் மூளை மாறிக்கொண்டுதான் இருக்கும், சரியான உதவி கிடைத்தால் பிரேக் பிடிக்கக் கற்றுக்கொள்ளும். நடுவில் பதின்மூன்றாம் பக்கம். அதை நான் சிவப்பில் கோடு போட்டுத் திருப்பி அனுப்புகிறேன். பயம் வரும்போது, நம்பிக்கையான ஒரு ஆள் கூடவே இருந்து பிடித்துக்கொண்டால், அந்தப் பிள்ளையின் உடம்பு அந்தப் பயத்தை வேறு மாதிரி தாங்கும்.

எனக்கு ஒரு ஆள் இருந்தான். ஈரச் சட்டையோடு என் முதுகை ஒட்டிப் படுத்திருந்தான். அவன் நெஞ்சு அடித்தது என் முதுகில் கேட்டது. அவன் கையில் வெற்றிலை வாசம். அந்தக் கையைப் பார்த்து நான் பயப்படவில்லை, அந்தக் கை இருந்ததால் பயப்படாமல் இருந்தேன். எட்டு மாதம் ஏன் பேசவில்லை என்று எனக்கே தெரியாது. ஆனால் அந்த எட்டு மாதமும் யார் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு திரிந்தேன் என்று அம்மாவைக் கேள்.

உன் முதுகுக்குப் பின்னால் யார் இருந்தது, அண்ணே?

செருப்புக் கதையை அப்பாவிடம் சொன்னேன். பதினாலு வீடு எரிகிறது, பத்து வயதுப் பையன் வெற்றிலைக் கொடிக்கு மரியாதை கொடுத்துவிட்டு, அப்புறம் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான் என்று.  "எம் மகன்ல," என்றார். வைத்துவிட்டார்.

வாணி


ஐதராபாத்
9 அக்டோபர் 2024

வாணி,

அம்மாவிடம் நானும் கேட்டேன். "அவளுக்கு ஏதுடா அப்பச் செருப்பு? உன்னோடது. மறுநா அப்பா எடுத்தாந்தாரு. நீ தொட மாட்டேன்னுட்ட. ஒரு வருசம் வெறுங்காலோட பள்ளிக்கூடம் போன" என்றாள். எனக்கு அந்த ஒரு வருஷமும் ஞாபகம் இல்லை.

இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் மேடத்துக்கு அனுப்பியது கீழே:

"ஆகஸ்ட் 26 அன்று நான் அனுப்பிய மெயிலைத் திரும்பப் பெறுகிறேன். அதில் வைத்த கட்டுரையை நான் பாதிதான் படித்திருந்தேன். என் தங்கை தமிழ்வாணியின் மூளையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அவர் வேலையைப் பற்றிச் சொல்லத் தகுதி உள்ளவர் நீங்கள். மேலும், கட்டு மாற்றும்போது குழந்தைகளின் தாய்மார்களை வெளியில் அனுப்புவதை நிறுத்தவும். பக்கம் 13 பார்க்கவும்."

கடைசி இரண்டு வரி அதிகப்பிரசங்கம் என்று உனக்குத் தோன்றினால் தோன்றட்டும்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: யாரும் இல்லை.

பசுமலை ஆலோசகர் நம்பரை அனுப்பு. வீடியோவில் பார்ப்பாரா என்று கேள். அவசரம் இல்லை என்று எழுத வந்தேன். அவசரம்தான்.

முத்துக்குமரன்


செல்லூர்
3 நவம்பர் 2024

அண்ணே,

தீபாவளி முடிந்தது. இன்றுதான் உட்கார நேரம் கிடைத்தது.

பதினைந்தாம் தேதி என்னை வார்டில் திருப்பிப் போட்டார்கள். மேடம் இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை, அதுவே எனக்கு மரியாதையாக இருந்தது. "உங்க அண்ணன் அடுத்து எப்ப மெயில் போடுவார்? வார்டுக்கு வேற என்னென்ன வேணும்னு அவர்கிட்டயே கேட்டுக்கறேன்" என்றார். சிரிக்கவில்லை. ஆனால் தாய்மார்கள் உள்ளே நிற்கலாம் என்று சுவரில் எழுதி ஒட்டச் சொல்லிவிட்டார்.

காவ்யஸ்ரீயின் கட்டிலுக்குப் போனேன். என்னை ஏற இறங்கப் பார்த்தது. "எங்க போயிட்ட நீ?" என்றது. முதல் வார்த்தை. அவள் அம்மா சேலையை வாயில் திணித்துக்கொண்டாள். "ரெக்கார்டு ரூமுக்கு" என்றேன். "அங்க யாருக்குப் புண்ணு?" என்றது. போன வாரம் வீட்டுக்குப் போய்விட்டது. போகும்போது சரண்யாதேவியிடம், "தொடுறதுக்கு முன்னாடி சொல்லணும், தெரியும்ல?" என்று பாடம் எடுத்துவிட்டுப் போனது.

நீ பாதி படிக்கிற ஆள், அதனால் மீதியையும் நானே சொல்லிவிடுகிறேன். தீபாவளியன்று ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். அவன் சட்டையில் கருகின வாசம். என் கை நின்றுவிட்டது. "ரெண்டு நிமிஷம்" என்று சரண்யாவிடம் சொல்லிவிட்டுப் போய், மணிக்கட்டில் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டு, இன்று என்ன தேதி, நான் எங்கே நிற்கிறேன் என்று வாயால் சொல்லிக்கொண்டு, திரும்பி வந்தேன். அப்புறம் விடிகிறவரை நின்றேன். எனக்கு ஒன்றுமே இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு இருப்பதை வைத்துக்கொண்டு வேலை பார்க்கத் தெரியும் என்றுதான் சொல்கிறேன்.

ஆலோசகர் சரி என்றுவிட்டார். சனிக்கிழமை பதினோரு மணி. குறுக்கே பேசாதே.

அப்பா இப்போது சொந்தமாகக் குத்தகைக்கு எடுத்த கொடிக்காலை நீ இன்னும் பார்க்கவில்லை. உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் எழுது. காகிதத்தில் நீ நல்ல மனுஷனாக இருக்கிறாய்.

வாணி


சோழவந்தான்
24 நவம்பர் 2024

வாணி,

நேற்று வந்தேன். சனிக்கிழமை செஷனை இந்தத் தடவை அம்மாவின் அடுப்படியில் உட்கார்ந்து முடித்தேன். நடுவில் குக்கர் விசில் அடித்தது. எழுந்தேன், உட்கார்ந்தேன். விட்ட இடத்திலிருந்து பேசினேன்.

இன்று காலை அப்பா கூப்பிட்டார். "வாடா, காட்டுறேன்." முன்னால் போனார். வரப்பில் செருப்பை உதறிவிட்டு உள்ளே போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் நின்றேன். வாட்சைப் பார்த்தேன், அதனால் தெரியும்: நாலு நிமிஷம். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "மெதுவா வா. கொடி எங்கிட்டும் ஓடிறாது."

கழற்றினேன். கறுப்பு, ஒன்பதாம் நம்பர். ஜோடியாக வைத்தேன்.

உள்ளே அதே ஈரம், அதே அகத்தி நிழல். வாய்க்காலில் காலை வைத்தேன், குளிர்ந்தது. மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன். அங்கேயேதான் கிடந்தது. நாலாம் தடவை பார்க்கவில்லை. அப்பா ஒவ்வொரு வரிசையாகக் காட்டிக்கொண்டு போனார். எது போன வருஷம் நட்டது, எது இந்த வருஷம், யார் யார் இப்போது இவரிடம் விலை கேட்டு வந்து நிற்கிறார்கள் என்று. கண்மாய் ஏலத்துக்கு வந்த பழைய ஆட்களில் ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துக்குத் தாம்பூலத்து வெற்றிலை இங்கிருந்துதான் போனதாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். போகிற போக்கில் என் முதுகில் கையை வைத்தார். எடுக்க மறந்துவிட்டார்.

வெளியே வந்தபோது என் செருப்புக்குப் பக்கத்தில் அவர் செருப்பு கிடந்தது. போட்டுக்கொண்டேன். வெயில் பட்டுச் சூடாக இருந்தது.

நாளை மதுரைக்கு வாரேன். இந்தக் கடிதத்தையும் கையோடு கொண்டுவாரேன், தபாலில் போட்டால் நாலு நாள் ஆகும், யார் காத்திருப்பது. உன் டியூட்டி இரண்டு மணிக்கு முடிகிறது. நாலு மணிக்கு நடை திறந்ததும் கோயிலுக்குப் போகலாம். சாமியைப் பற்றிய என் கருத்து மாறவில்லை, அதை உள்ளே போய்ப் பேசிக்கொள்ளலாம். மேலக் கோபுரத்துக்கு எதிரில், ஸ்டாண்டில் செருப்பைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு வாசலில் நிற்பேன்.

வெறுங்காலோடு நிற்பேன். கல் சுடும். சீக்கிரம் வா.

அண்ணன்